இலவசச் சட்டத்தரணிகளால் புகலிடக் கோரிக்கையாளருக்கு என்ன பயன்? (அவுஸ்திரேலியா – விவாத இழை)

கேள்வி: பிரிஸ்பேன் வாசகர் ஒருவர் – 9 பெப்ரவரி 2025

படகில் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் நிரந்தர விசா இல்லாமல் இருக்கும் ஓர் உறவினருக்காகக் கேட்கிறேன். அவருக்கு உதவியவர்கள் எல்லோரும் பணம் வாங்காத சட்டத்தரணிகள். நல்ல மனிதர்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் நடத்திய பெரிய வழக்குகளைப் பார்த்தால் தோல்விகளே கண்ணில் படுகின்றன. டம்பா கப்பல் வழக்கில் தோல்வி, கடலில் வைக்கப்பட்டிருந்த 157 தமிழர்களின் வழக்கிலும் தோல்வி. காசு வாங்காதவன் கவனமாகச் செய்யமாட்டான் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா? வீண் நம்பிக்கை ஊட்டியதைத் தவிர இவர்களால் நடந்தது என்ன?

குறிப்பு 1 – 10 பெப்ரவரி 2025

நான் சட்டத்தரணி இல்லை, கணக்கியல் படித்தவள். மெல்பேர்ணில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் மாலை வேளைகளில் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, ஆவணங்களைக் காலவரிசைப்படி அடுக்குவது, வந்தவர்களுக்கு எந்த அறை என்று காட்டுவது போன்ற வேலைகளைச் சில ஆண்டுகள் தன்னார்வமாகச் செய்திருக்கிறேன். அங்கே கண்டதை வைத்தே எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை.

முதலில் தோல்விப் பட்டியலைப் பார்ப்போம். 2001 ஆகஸ்ட் இறுதியில் டம்பா என்ற நோர்வே நாட்டுக் கப்பல் மூழ்கும் படகிலிருந்து மீட்ட 433 பேரை, இந்து சமுத்திரத்தில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில் இறக்க அரசு அனுமதிக்கவில்லை. சட்டத்தரணிகளைக் கப்பலுக்குச் செல்லவும் விடவில்லை. ஆகவே கட்சிக்காரரை ஒருமுறையேனும் காணாமலும், அவர் வாயால் ஒரு சொல்லேனும் கேளாமலும், விக்டோரியாவின் குடிசார் சுதந்திரங்களுக்கான மன்றமும் எரிக் வடர்லிஸ் என்ற மெல்பேர்ண் சட்டத்தரணியும் வழக்கைத் தொடுத்தார்கள். ஜூலியன் பேர்ன்சைட் போன்ற மூத்த வழக்குரைஞர்கள் கட்டணமின்றி வாதாடினார்கள். பெடரல் நீதிமன்ற நீதிபதி நோர்த் செப்டெம்பர் 11ஆம் திகதி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த அதே நாள் அது என்பதால், அந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்கும் மனநிலையில் மறுநாள் நாட்டில் எவரும் இருக்கவில்லை. ஆறு நாட்கள் கழித்து மேன்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதைக் கவிழ்த்தார்கள்.

தோல்விதான். ஆனால் அதன் பின்னர் நடந்ததை எவரும் சொல்வதில்லை. தோற்றவர்கள் தன் வழக்குச் செலவுத்தொகையைக் கட்ட வேண்டும் என்று அரசு கேட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொதுநலன் சார்ந்த, மனித சுதந்திரத்தைத் தொடும் ஒரு கேள்வியைப் பணம் வாங்காமல் எழுப்பியவர்களைத் தண்டிக்கக்கூடாது என்பதே அதன் சாரம். அந்த மறுப்பு இல்லாதிருந்தால், அடுத்த முறை எந்தச் சட்டத்தரணி வீட்டை அடமானம் வைத்து வழக்குப் போட வந்திருப்பார்?

குறிப்பு 2 – 10 பெப்ரவரி 2025, இரவு

வெற்றிகளையும் பட்டியலில் சேருங்கள். 2010 நவம்பர் 11ஆம் திகதி உயர் நீதிமன்றம் எம்61 என்று அழைக்கப்படும் வழக்கில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: அவுஸ்திரேலியாவில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச மன்றம்.) வழக்காளிகள் இருவரும் இலங்கைத் தமிழர்கள். கிறிஸ்மஸ் தீவில் இறங்கியவர்களின் கோரிக்கைகளை நாட்டின் சாதாரணச் சட்டத்துக்குப் புறம்பான ஒரு தனி நடைமுறையில் பரிசீலித்து நிராகரித்துவிடலாம் என்றும், அதை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்றும் அரசு நினைத்திருந்தது. அங்கேயும் நடைமுறை நியாயம் காக்கப்பட வேண்டும், சட்டத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு முடிவெடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கின் பின்னால் நின்றது டேவிட் மான் தலைமையில் இயங்கிய ஒரு சிறிய சமூகச் சட்ட நிலையம். மறு ஆண்டு ஆகஸ்டில், படகில் வந்தவர்களை மலேசியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தையும் அதே நிலையம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தடுத்து நிறுத்தியது.

இந்த வெற்றிகளில் எதுவும் "இவர் அகதி" என்று தீர்த்து வைக்கவில்லை. அதை எதிர்பார்ப்பவர்களுக்கே ஏமாற்றம் வருகிறது. நீதிமன்றம் பார்ப்பது முடிவு எடுக்கப்பட்ட வழியை மட்டுமே. வழி பிழையென்றால் கோப்பை முடிவெடுத்தவர்களிடமே மீண்டும் திருப்பி அனுப்பும். அங்கே மறுபடியும் நிராகரிக்கப்படலாம், அப்படி நிராகரிக்கப்பட்டவர்களை எனக்கே தெரியும்.

குறிப்பு 3 – 12 பெப்ரவரி 2025

157 பேரின் வழக்கைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகு அது. ஏறியவர்களில் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே சுங்கக் கப்பல் அவர்களை மறித்து ஏற்றிக்கொண்டது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர், உயிரோடு இருக்கிறார்களா என்று எதையும் சொல்லக் குடிவரவு அமைச்சர் மறுத்தார். கடல் நடவடிக்கைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே எல்லாக் கேள்விகளுக்கும் விடை.

அதே வாரத்தில், ஜூலை 6ஆம் திகதி, வேறொரு படகில் வந்த 41 பேர் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நிற்க எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. 7ஆம் திகதி 157 பேருக்காகச் சட்டத்தரணிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவர்களை இலங்கையிடம் ஒப்படைப்பதாக இருந்தால் 72 மணி நேரத்துக்கு முன்னர் அறிவிப்போம் என்ற உறுதிமொழியை அரசு நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கடலில் வைத்திருந்து, ஜூலை இறுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கேர்ட்டின் முகாமில் இறக்கி, சில நாட்களில் இரவோடிரவாக, சட்டத்தரணிகளுக்குச் சொல்லாமலே, பசிபிக் தீவு நாடான நவுறுவில் இருந்த தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். 2015 ஜனவரி 28ஆம் திகதி தீர்ப்பு வந்தபோது நான்கு நீதிபதிகள் அரசின் பக்கமும் மூன்று பேர் எதிர்ப்பக்கமும் இருந்தார்கள். கடலில் தடுத்து வைத்தது சட்டபூர்வமானதே என்று முடிந்தது.

ஒரு வாக்கால் தோற்ற வழக்கு. ஆனால் 41 பேரும் 157 பேரும் போய்ச் சேர்ந்த இடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நவுறு நல்ல இடம் என்று நான் சொல்லவரவில்லை. கடற்படையிடம் ஒப்படைக்கப்படாமல் போனதற்கு அந்த 72 மணி நேரம் ஒரு காரணம் என்பது என் துணிபு.

குறிப்பு 4 – 15 பெப்ரவரி 2025

பெரிய வழக்குகளைப் பற்றி இவ்வளவு எழுதியபின், அவை தன்னார்வச் சட்டத்தரணிகளின் முக்கியமான வேலையே அல்ல என்று சொல்லப்போகிறேன். முக்கியமான வேலை, ஒரு மேசையைச் சுற்றி நான்கு கதிரைகளில் நடப்பது: கோரிக்கையாளர், உரைபெயர்ப்பாளர், சட்டத்தரணி, எழுதுகிறவர். அங்கே உருவாகும் முதல் வாக்குமூலத்தில் இருப்பதும் இல்லாததுமே பின்னர் வரும் எல்லா ஆண்டுகளையும் தீர்மானிக்கின்றன.

2012 ஆகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்த முப்பதாயிரம் பேர் அளவில் ஆண்டுக்கணக்காக விண்ணப்பிக்கவே அனுமதிக்கப்படாமல் இருந்தார்கள். 2014 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கென்று "விரைவுப் பாதை" ஒன்றை அமைத்தது. விரைவு என்ற பெயரில் எங்களுக்குள் சிரிப்போம். நான்கு ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு, பின்னர் ஆளை மட்டும் விரைவாக ஓடச் சொன்ன பாதை அது. அமைச்சர் அழைப்புக் கடிதம் அனுப்பிய பின்னரே விண்ணப்பிக்க முடிந்தது. படிவமோ எல்லாப் பகுதிகளும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடப் பாடநூல் அளவு, முழுக்க ஆங்கிலத்தில். குடிவரவுத் திணைக்களம் நிராகரித்தால் முன்னர் இருந்ததுபோல் ஒரு தீர்ப்பாயத்தின் முன் அமர்ந்து பேச முடியவில்லை. குடிவரவு மதிப்பீட்டு அதிகாரசபை என்று அப்போது இருந்த ஒன்று கடதாசிகளை மட்டும் பார்த்தது. புதிய தகவல் எதையும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலன்றி ஏற்கவில்லை. அதாவது, முதல் வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டது, ஏறக்குறைய எக்காலத்துக்கும் விடப்பட்டதாகிவிட்டது.

இதற்கிடையில் 2017 மே மாதம், இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்த ஏழாயிரத்து ஐந்நூறு பேர் அளவிலானோர் ஒக்டோபர் 1ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் எல்லாம் போயிற்று என்று அரசு அறிவித்தது. அந்தக் குளிர்காலத்தை நான் மறக்கமாட்டேன். நகர மத்தியின் பெரிய நிறுவனங்களிலிருந்து, பகலில் சுரங்கக் கம்பனிகளை இணைத்து வைக்கிற சட்டத்தரணிகள் மாலையில் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் அகதிகள் சட்ட நிலையங்கள் எல்லாவற்றிலும் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. உருத்திரபுரத்தையும் உடையார்கட்டையும் வேறுபடுத்தத் தெரியாமல் வந்த ஒருவர், செப்டெம்பர் வருவதற்குள் வன்னியின் இடப்பெயர்வுப் பாதையை வரைபடம் பாராமல் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

குறிப்பு 5 – 15 பெப்ரவரி 2025

அந்த ஆண்டு அதிகம் உழைத்தது யார் என்று என்னைக் கேட்டால், போட்டோக்கொப்பி இயந்திரம் என்பேன். அதற்கும் சம்பளம் இல்லை. அது மட்டும்தான் இடையிடையே வேலைநிறுத்தம் செய்தது.

குறிப்பு 6 – 18 பெப்ரவரி 2025

"நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு எதற்குச் சட்டத்தரணி?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மக்களில் பலர் திகதியால் வாழ்க்கையை நினைவில் வைத்திருப்பதில்லை. "இரண்டாவது முறை இடம்பெயர்ந்தபோது", "சுனாமிக்குப் பிந்திய மாரியில்", "பாதை திறந்திருந்த காலத்தில்", "முகாமிலிருந்து விட்ட பிறகு வந்த முதல் நல்லூர்த் திருவிழாவுக்கு" என்றுதான் சொல்வார்கள். கேட்கும் அதிகாரிக்கு நாளும் மாதமும் ஆண்டும் வேண்டும். வந்திறங்கிய கையோடு நடக்கும் நுழைவு விசாரணையில், கடற்பயணக் களைப்போடு, எவரையும் நம்பாத மனநிலையில், ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லியிருப்பார். மூன்று ஆண்டுகள் கழித்து எழுதும் வாக்குமூலத்தில் அது வேறாக வரும். நிராகரிப்புக் கடிதங்களில் நான் அடிக்கடி கண்டது இந்த இடைவெளியைத்தான்: முரண்பாடு உள்ளது, ஆகவே நம்பத்தக்கவர் அல்லர்.

நல்ல சட்டத்தரணி என்ன செய்வார் என்றால், உலகறிந்த நாட்களை முளைகளாக அடிப்பார். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் வெளியேறியது, 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. "கடல் வந்தபோது உங்கள் மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதா?" என்று கேட்பார். அதிலிருந்து பின்னோக்கி நடந்து, கைது நடந்த மாதத்தைக் கண்டுபிடிப்பார். நுழைவு விசாரணையின் பதிவைத் தகவல் அறியும் உரிமையின் கீழ் கேட்டு எடுத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அதிகாரி கண்டுபிடிக்குமுன் தாமே முதல் பக்கத்தில் எழுதி விளக்கிவிடுவார். இதற்கெல்லாம் ஒரு மாலைப்பொழுது போதாது.

பெண்களின் வாக்குமூலங்கள் இன்னும் கடினமானவை. கணவர் பக்கத்தில் இருக்கும் வரை, அல்லது உரைபெயர்ப்பாளர் தன் ஊர்ப்பக்கத்தவர் என்று தெரிந்தால், பேசாமல் விடும் விடயங்கள் உண்டு. தன்னார்வச் சட்டத்தரணி ஒருவர் ஒவ்வொரு பெண்ணையும் சற்று நேரமேனும் தனியே சந்திப்பதை வழக்கமாக வைத்திருந்தார். எதுவும் சொல்ல இல்லாதவர்களையும் அவ்வாறே சந்தித்ததால், தனியே போய்வந்தவரைப் பார்த்து எவரும் எதையும் ஊகிக்க இடம் இருக்கவில்லை. பணம் கொடுத்துப் போகும் எந்த அலுவலகத்திலும் நான் இதைக் கண்டதில்லை.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கிராம சேவகர், சமாதான நீதவான், பாராளுமன்ற உறுப்பினர் என்று எல்லோரிடமும் கடிதம் வாங்கி அனுப்புவது எங்கள் வழக்கம். ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறாக, பத்துக் கோப்புகளில் வந்தால் பதினொராவது கோப்பில் உண்மையாக எழுதப்பட்டதையும் எவரும் நம்பமாட்டார்கள். "இந்தக் கடிதத்தை வைக்க வேண்டாம்" என்று கட்சிக்காரரிடம் சொல்லும் துணிவு, அவரிடம் காசு வாங்காதவருக்குச் சற்று எளிதாகவே வருகிறது.

குறிப்பு 7 – 21 பெப்ரவரி 2025

"காசு வாங்காதவன் கவனமாகச் செய்யமாட்டான்" என்பதற்கு வருகிறேன்.

அவுஸ்திரேலியாவில் இது தனிமனிதரின் தருமசிந்தையை மட்டும் நம்பி நடப்பதில்லை. சட்டத்தரணி ஒருவர் ஆண்டுக்கு 35 மணி நேரமாவது கட்டணமில்லாச் சேவை செய்ய வேண்டும் என்ற தேசிய இலக்கு 2007 முதல் இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் அரசின் சட்ட வேலைகளை எடுக்க விரும்பும் பெரிய நிறுவனங்கள் அதில் கையொப்பமிடுவது வழக்கம். இதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: அரசிடம் வேலை எடுக்கும் நிறுவனம் அரசுக்கு எதிராக அகதி வழக்கில் நிற்குமா? அவ்வாறு நின்றதற்காக எந்த நிறுவனத்தையும் ஒதுக்கக்கூடாது என்று அரசின் சொந்த வழிகாட்டுதலே சொல்கிறது. இருந்தும் சில நிறுவனங்கள் வரி, வீட்டு வாடகை, குடும்ப வன்முறை வழக்குகளை எடுத்துக்கொண்டு குடிவரவை மட்டும் மெல்லத் தவிர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதித் தரமாட்டார்கள்.

இன்னொரு தடையைப் பலர் அறியமாட்டார்கள். 2021 மார்ச் வரை, எவ்வளவு பெரிய சட்டத்தரணியாக இருந்தாலும், குடிவரவு முகவராகத் தனியே பதிவு செய்யாவிட்டால் விசா விண்ணப்பத்துக்கு உதவ முடியாமல் இருந்தது. நீதிமன்ற வேலை மட்டும் செய்ய முடிந்தது. ஆகவே 2017இல் வந்த அத்தனை பெரிய நிறுவனத்தாரும் பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் அமர்ந்து எழுதிக்கொடுப்பவர்களாகவே இருந்தார்கள். பல கோடி டொலர் ஒப்பந்தங்களை எழுதுகிறவர், தன்னைவிட இருபது வயது இளைய, சமூக நிலையத்துச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம் பக்கத்துக்குப் பக்கம் திருத்தம் வாங்கிக்கொண்டு போவார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் கவனக்குறைவு என்று சொல்லமாட்டார்கள்.

அச்சுறுத்தலும் உண்டு. வெற்றிக்கு நியாயமான வாய்ப்பில்லாத குடிவரவு வழக்கைத் தூண்டிவிட்டால் சட்டத்தரணியே தன் கையிலிருந்து செலவுத்தொகை கட்ட நேரிடும் என்று 2005இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்குத் தாக்கல் செய்யும்போது, வாய்ப்பு உண்டு என்று நம்புவதாகச் சட்டத்தரணி சான்று கொடுக்க வேண்டும். ஆகவே "இதில் ஒன்றும் இல்லை, நான் எடுக்கமாட்டேன்" என்று தன்னார்வச் சட்டத்தரணி சொன்னால், அது அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். வீண் நம்பிக்கை ஊட்டுவதாகப் பிரிஸ்பேன் வாசகர் எழுதினார். நான் கண்டவரை, வீண் நம்பிக்கையை விற்றவர்கள் வேறு ஆட்கள்: திருமண மண்டபத்திலும் கடைத்தெருவிலும் சந்தித்து, கதையைத் தாமே எழுதித்தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய, எந்தப் பதிவும் இல்லாத எங்கள் சொந்தத் தமிழ் ஆட்கள்.

குறிப்பு 8 – 22 பெப்ரவரி 2025

நேற்றைய குறிப்பு தன்னார்வத்துக்கு வெள்ளையடிப்பதுபோல் இருக்கிறது என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். குறைகளும் உண்டு. மிகப் பெரியது ஆள் மாறுவது. பெரிய நிறுவனத்தின் இளம் சட்டத்தரணி ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார், கோப்பு இன்னொருவரிடம் போகும். சித்திரவதையை ஒருமுறை சொல்லி முடித்தவர், புதிதாக வந்தவரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தந்தை என்னிடம், "தங்கச்சி, அந்தப் பேப்பரில எல்லாம் கிடக்குதுதானே, வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சம்பளத்துக்கு ஒரே இடத்தில் பத்து ஆண்டுகள் இருக்கிற சட்டத்தரணியின் இடத்தை எத்தனை தன்னார்வலர்கள் வந்தாலும் நிரப்ப முடியாது.

குறிப்பு 9 – 1 மார்ச் 2025

ஒரு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குறிப்பு 4இல் 2017ஆம் ஆண்டின் குளிர்காலத்தைப் பெருமிதத்தோடு எழுதியிருந்தேன். அந்தப் பெருமிதத்தின் மறுபக்கத்தையும் எழுதினால்தான் கணக்குச் சரியாகும்.

அந்த நெருக்கடி தானாக வந்ததல்ல. 2014 மார்ச் இறுதி வரை, புகலிடம் கோருவோர் விண்ணப்பம் தயாரிக்க அரசே பணம் கொடுத்து உதவி வழங்கியது. அதன் பின்னர், விசா இல்லாமல் வந்தவர்களுக்கு அதை வெட்டிவிட்டார்கள். மிக நலிந்தவர்கள் என்று திணைக்களம் கருதிய சிறு தொகையினருக்கு மட்டுமே ஒரு குறுகிய உதவி எஞ்சியது. எவருக்கேனும் சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் தாமே பணம் கொடுத்துத் தேடிக்கொள்ளட்டும், அல்லது இலவசமாகச் செய்பவர்களிடம் போகட்டும் என்பதே அன்றைய அமைச்சரின் நிலைப்பாடு.

அதாவது எங்கள் மாலைப்பொழுதுகளை அரசு முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் வெட்டைத் திரும்பப் பெற்றிருப்பார்களா? இல்லை என்றே நினைக்கிறேன். 2012 ஒக்டோபர் முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு நடத்திய "மேம்பட்ட வடிகட்டல்" அதற்குச் சான்று. சட்டத்தரணி எவரும் இல்லாத ஒரு குறுகிய விசாரணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பினார்கள். தடுப்பில் இருப்பவர் கேட்டால் சட்ட உதவி பெற வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 256ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், அப்படிக் கேட்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் உரிமை. எவரும் போகாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அந்த ஆயிரம் பேர் காட்டிவிட்டார்கள்.

ஆகவே போகத்தான் வேண்டியிருந்தது. போனதை வைத்து, அரசின் கடமை நிறைவேறிவிட்டதுபோல் எவரும் பேச இடம் கொடுத்திருக்கக்கூடாது. நிலையங்களின் ஆண்டறிக்கைகளில் தன்னார்வ மணித்தியாலங்களைக் கூட்டிப் பெருமையாகப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அதே பக்கத்தில் அந்த மணித்தியாலங்களுக்கு அரசு கொடுத்திருக்க வேண்டிய தொகையையும் போடலாமே என்று கணக்குப் படித்த மனம் நினைக்கிறது.

குறிப்பு 10 – 4 மார்ச் 2025

குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றியது சட்டத்தரணிகளா, ஊர்மக்களா என்று இருவர் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது. 2019 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு, அவர்களை இலங்கைக்கு நாடுகடத்தும் விமானம் மெல்பேர்ணிலிருந்து புறப்பட்டுவிட்ட பின்னர், தொலைபேசியில் நீதிபதியைப் பிடித்துத் தடையுத்தரவு வாங்கியது சட்டத்தரணி. விமானம் டார்வினில் இறங்கியது. அதற்குப் பின் கிறிஸ்மஸ் தீவில் இரண்டு ஆண்டுகள் அளவில் கழிந்தன. 2020 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம், இளைய மகளின் விடயத்தில் நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று தீர்த்து, செலவுத்தொகையாக 2 இலட்சம் டொலருக்கு மேல் கட்டும்படி அரசுக்கு உத்தரவிட்டது. ஆயினும் அந்தத் தீர்ப்பு அவர்களை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. 2022 ஜூனில் அவர்கள் பிலோவீலாவுக்குத் திரும்பியது, ஆட்சி மாறி, புதிய அரசு அனுமதித்ததால்.

சட்டத்தரணி வாங்கிக் கொடுத்தது காலம். அந்தக் காலத்தைப் பயன்படுத்தியவர்கள், வாசலில் பதாகை பிடித்த ஊர்மக்கள். பின்னால் அப்படி ஓர் ஊர் இல்லாத குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த காலம் தடுப்பு முகாமிலேயே செலவாகிப் போனது.

குறிப்பு 11 – 4 மார்ச் 2025

டியேகோ கார்சியாவைப் பற்றியும் இங்கே பேசலாமா என்று கேட்ட இலண்டன் வாசகருக்கு: ஆம், இந்து சமுத்திரத்திலுள்ள அந்தத் தீவின் வழக்கும் இந்த இழைக்கு உரியதே. 2021 ஒக்டோபரில் அந்தத் தீவில் கரையேறிய தமிழர்கள் மூன்று ஆண்டுகள் ஒரு வேலிக்குள் கூடாரங்களில் இருந்தார்கள். அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் தீவு என்பதால் நீதிபதியும் சட்டத்தரணிகளும் போய்ச் சேருவதே ஒரு போராட்டமாயிற்று. 2024 டிசம்பரில், அந்தத் தீவை உள்ளடக்கிய பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்தின் நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குச் சற்று முன்னரே பெரும்பாலானவர்கள் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டார்கள். வாசலில் பதாகை பிடிக்க ஓர் ஊரே இல்லாத தீவிலும் அங்கே வழக்கு வேலை செய்திருக்கிறது. எனவே குறிப்பு 10இன் கடைசி வரியை எல்லா இடத்துக்கும் பொருத்த வேண்டாம்.

குறிப்பு 12 – 9 மார்ச் 2025

பிரிஸ்பேன் வாசகர் திரும்ப வந்து, "எல்லாம் சரி, என் உறவினர் இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார். முதலிலேயே கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

தற்காலிகப் பாதுகாப்பு விசாவோ ஐந்தாண்டு புகலிட விசாவோ வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. உங்கள் உறவினர் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டு அதிகாரசபை 2024 ஒக்டோபர் 14இல் ஒழிக்கப்பட்டு, புதிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் வந்துவிட்டது. ஆனால் பழைய அதிகாரசபை முடித்துவிட்ட கோப்புகளை அது தானாகத் திறந்து பார்க்காது. அவருக்கு எஞ்சியிருக்கக்கூடிய வழிகள்: நீதிமன்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் அது, அல்லது அமைச்சரின் தனிப்பட்ட தலையீடு, அல்லது வாழ்க்கையில் உண்மையாகவே மாறிய ஏதேனும் ஒன்று. எது பொருந்தும் என்று கோப்பைப் பார்க்காமல் எவரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

நிலையத்துக்குப் போகும்போது எல்லா நிராகரிப்புக் கடிதங்களையும், அவை வந்த உறைகளோடு, கொண்டு போகச் சொல்லுங்கள். முடிவு எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது முக்கியம், ஏனெனில் நீதிமன்றம் போவதற்கு அந்த நாளிலிருந்து 35 நாட்கள்தான் கெடு. பிந்தினால் நீதிமன்றத்திடம் கால நீடிப்புக் கேட்க வேண்டும், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முன்னைய சட்டத்தரணிகளிடமிருந்து கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்குவது அவருடைய உரிமை. அவர்கள் பணம் வாங்கவில்லை என்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

குறிப்பு 13 – 16 மார்ச் 2025

சட்டம் படிக்கும் பிள்ளை ஒருவர், தானும் இதில் சேர விரும்புவதாகவும், தமிழ் தெரியும் என்பதால் உரைபெயர்ப்புச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தார். செய்ய வேண்டாம். அங்கீகாரம் பெற்ற உரைபெயர்ப்பாளர்கள் அதற்கு இருக்கிறார்கள், வாக்குமூலத்தில் ஒரு சொல் பிசகினால் பொறுப்பேற்கும் முறையும் அவர்களுக்கு உண்டு. உங்கள் தமிழ் வேறு இடத்தில் உதவும்: காலவரிசை தயாரிக்கும்போது, 2009 யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனம் அடைபட்டிருந்த இடத்தை வைத்து, "மாத்தளனுக்கு முந்தியா பிந்தியா" என்று கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. முதல் சில மாதங்கள் பிரதி எடுப்பதும் பக்க எண் போடுவதுமாகத்தான் போகும். நாட்டு நிலைமை அறிக்கைகளை இடையிடையே படித்துக்கொள்ளுங்கள். 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் ஐ.நா. அகதிகள் ஆணையம் இலங்கை பற்றி வெளியிட்ட இரண்டு வழிகாட்டுதல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எந்த ஆண்டில் வந்தார் என்பதைப் பொறுத்து ஒரே ஊர்க்காரர் இருவரின் முடிவு ஏன் வேறுபட்டது என்று ஓரளவு விளங்கும்.

மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கும் நிலையங்கள் புதிய தன்னார்வலரை எடுக்கும் காலத்தைத் தங்கள் தளங்களில் அறிவிப்பார்கள். ஆண்டுக்கு ஒருசில முறைகள்தான் எடுப்பார்கள், ஒரு வருடமாவது தொடர்ந்து வர முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்றால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள், குறிப்பு 8ஐப் படித்திருப்பீர்கள்.